தென்எல்லைப் போராட்டமும் சோசலிச அறமும்: 1954 துப்பாக்கிச்சூட்டை முன்வைத்து

முன்னுரை

இந்திய இடதுசாரி இயக்க வரலாற்றிலும் தமிழ்நாட்டின் எல்லைப் போராட்ட வரலாற்றிலும் ஒருசேர இடம்பெற வேண்டிய நிகழ்வு ஒன்று, இரண்டிலும் பாதியாகவே பதிவாகியுள்ளது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச்சூடே அந்நிகழ்வு. தமிழ்நாட்டு வரலாற்று நூல்கள் இதனைத் தென்எல்லை மீட்புக்கான உயிர்ப்பலியாகக் குறிக்கின்றன. இந்தியச் சோசலிச இயக்கத்தின் வரலாற்று நூல்களோ, இராம் மனோகர் லோகியா பிரஜா சோசலிஸ்ட் கட்சியிலிருந்து பிரியக் காரணமான உட்கட்சிப் பூசலின் தொடக்கமாக இதனைக் குறித்துவிட்டு மேற்செல்கின்றன. முன்னவற்றில் லோகியா இல்லை. பின்னவற்றில் இறந்துபட்ட மக்கள் இல்லை. இவ்விரு பதிவுகளையும் இணைத்து நோக்கும்போதுதான் அப்போராட்டத்தின் சமூகநீதி உள்ளடக்கமும், அதனால் இந்திய இடதுசாரி அரசியலின்முன் எழுந்த அறக்கேள்வியின் முழு வடிவமும் புலப்படும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனச்சமூடும் எல்லைக்கோடும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு விளிம்பில் வெள்ளறடையை அடுத்து அமைந்த சந்தையூர் பனச்சமூடு. தமிழில் பனிச்சை என்றும் மலையாளத்தில் பனச்சி என்றும் வழங்கும் மரத்தின் பெயரோடு, மரத்தின் அடியைக் குறிக்கும் 'மூடு' என்னும் சொல் சேர்ந்து ஊர்ப்பெயராகியுள்ளது. விளவங்கோடு வட்டாரத் தமிழர்க்கும் நெய்யாற்றின்கரை வட்டார மலையாளிகளுக்கும் 'மூடு' பொதுச்சொல். எனவே இவ்வூர்ப்பெயரை இன்ன மொழிக்கே உரியது எனப் பிரித்தல் அரிது. பாறசாலை, களியக்காவிளை, பனச்சமூடு, வெள்ளறடை என நீளும் இவ்வெல்லைப்புற ஊர்களில் வீட்டுமொழி, சந்தைமொழி, வழிபாட்டுமொழி ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாநில மறுசீரமைப்பின்படி தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இங்கு வட்டமே அலகாகக் கொள்ளப்பட்டது. ஊரும் மக்களும் அலகாகக் கொள்ளப்படவில்லை. அதனால் அதுவரை இரண்டு வட்டங்களுக்கிடையே இருந்த வருவாய் எல்லை, மாநில எல்லையாக உயர்வு பெற்றது. சந்தைக்குச் செல்வோர் மாநிலம் கடந்து செல்வோராயினர். இம்மாற்றத்தின் பொருளை அறிய, எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்தோர் அதற்கு முன்னர்ப் பகிர்ந்துகொண்ட வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

பகிர்ந்துகொண்ட சமூகநீதி மரபு

திருவிதாங்கூர் அரசில் தீண்டாமையும் ஊழியமும் தலைவரியும் பனைவரியும் உழைக்கும் சாதியினரை அழுத்தின. நாடார் சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் 1822 தொடங்கி 1859 வரை மூன்று கட்டங்களாக நிகழ்ந்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான அரச அறிவிப்பு மேலாடை அணிய இசைவளித்தது. எனினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்னும் தடையை விடவில்லை. உரிமையை வழங்கும் ஆணையிலேயே சாதிப்படிநிலை காக்கப்பட்டமை நோக்கத்தக்கது. இதே காலப்பகுதியில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809-1851) தலைப்பாகை அணியும் மானத்தையும் சமபந்தி உணவையும் ஒடுக்கப்பட்டோர்க்கு உரியனவாக்கினார். 1855ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது.

வடபுறத்தே நெய்யாற்றின்கரை வட்டமும் இம்மரபில் பின்தங்கியதன்று. 1888இல் அருவிப்புறத்தில் நாராயணகுரு சிவலிங்கத்தை நிறுவினார். வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டியேறிச் சென்றார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் சிறுமியொருத்தியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க அவர் முயன்றதை ஒட்டி எழுந்த கலவரம் இவ்வட்டத்திலேயே நிகழ்ந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என அவர்தம் தலைமையில் வேளாண் தொழிலாளர் மேற்கொண்ட வேலைமறுப்பு, கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முற்பட்டது. உழைப்பை நிறுத்துதல் என்னும் தொழிலாளர் படைக்கலத்தைக் கல்வியுரிமைக்காகப் பயன்படுத்திய முன்னோடி நிகழ்வாக அதனைக் கருதலாம்.

நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை ஆகிய ஊர்களில் நிலைபெற்ற இலண்டன் மிஷன் சங்கத்தின் பணிக்களங்கள், இன்றைய எல்லைக்கு இருபுறமும் ஒரே வலையாகவே இயங்கின. தோள்சீலை உடுத்தோரும் பள்ளி சென்றோரும் அவ்வலைக்குள் ஓர் ஊர்க்காரர் போலவே பழகினர். எனவே 1956இல் பிரிக்கப்பட்டவை இரு மொழிகள் மட்டுமல்ல. ஒரே விடுதலை மரபும் இரு கூறாயிற்று.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்

1945ஆம் ஆண்டு இறுதியில் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு, 1946இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1947இல் வழக்கறிஞர் ஏ. நேசமணி அதில் இணைந்து அதன் முதன்மைத் தலைவரானார். விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் பிறந்த இவர், நாகர்கோவில் நீதிமன்றத்தில் உயர்சாதி வழக்கறிஞர்க்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் இடப்பட்டிருந்த வழக்கத்தை எதிர்த்து அகற்றினார் என்னும் செய்தி குமரி மாவட்டத்தில் பரவலாக வழங்குகிறது. எல்லைப் போராட்டத் தலைவரைப் பற்றி மக்கள் முதலில் நினைவுகூர்வது மொழியைப் பற்றிய செய்தியாக இல்லாமல் முக்காலியைப் பற்றிய செய்தியாக இருப்பது, அவ்வியக்கத்தின் வேர் எங்குள்ளது என்பதைக் காட்டும்.

கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் நிலவுடைமையும் வருவாய்த்துறையும் காவல்துறையும் பெரிதும் மலையாளம் பேசும் ஆதிக்கச் சாதியினர் கையில் இருந்தன. உழவரும் பனையேறிகளும் கூலியாட்களும் பெரிதும் தமிழ் பேசும் நாடாரும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஆவர். நீதிமன்ற மொழியும் காவல்நிலைய மொழியும் புரியாத எளியவனுக்கு மொழியுரிமை என்பது சாதிக்கொடுமையிலிருந்து தப்பும் வழியாகவும் தோன்றிற்று. நாஞ்சில் நாட்டின் நிலவுடைமையாளர் பலர் தொடக்கத்தில் இவ்வியக்கத்தின்பால் காட்டிய தயக்கத்தையும், மேற்கு வட்டங்களின் எளிய மக்கள் காட்டிய வேகத்தையும் இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ள இயலும். தமிழ் என்னும் பொதுப்பெயரின்கீழ் வர்க்க வேறுபாடும் சாதி வேறுபாடும் ஒருங்கே இயங்கின.

1948 பிப்ரவரியில் தேர்தலையொட்டி மங்காட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் தேவசகாயம், செல்லையன் ஆகிய இருவர் உயிரிழந்தனர். 1952 தேர்தலுக்குப்பின் திருவிதாங்கூர்-கொச்சியில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவை தமிழ்நாடு காங்கிரஸின் ஆதரவை நம்பி நின்றது. 1953இல் அவ்வாதரவு விலக்கப்பட்டதும் கவிழ்ந்தது. 1954 தேர்தலில் 117 இடங்களில் காங்கிரஸ் 45, பொதுவுடைமைக் கட்சி 23, பிரஜா சோசலிஸ்ட் கட்சி 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, புரட்சி சோசலிஸ்ட் கட்சி 9 என வென்றன. எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத நிலையில், 19 உறுப்பினர்களை மட்டுமே கொண்ட பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுபிள்ளை, காங்கிரஸின் ஆதரவோடு 1954 மார்ச்சில் முதலமைச்சரானார். இந்திய மாநிலம் ஒன்றில் சோசலிசக் கட்சி ஒன்று தலைமையேற்று அமைத்த ஆட்சி என்ற வகையில் நாடே அதனை உற்றுநோக்கியது.

1954 ஆகஸ்ட் 11

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளே உடனடித் தூண்டுதலாயின. 1954 ஜூலையில் தடையாணையை மீறி மூணாறில் நுழைந்த நேசமணியும் உடன் சென்றோரும் கைது செய்யப்பட்டனர். மலைத்தோட்டத்துக் கூலித் தொழிலாளியின் துன்பமும் விளவங்கோட்டுப் பனையேறியின் துன்பமும் ஒரே போராட்டத்தின் இரு முனைகளாயின. ஆகஸ்ட் 11ஆம் நாளை விடுதலை நாளாகக் கடைப்பிடிக்குமாறு தமிழ்நாடு காங்கிரஸ் அழைத்தது. ஊர்வலங்கள் தெற்கு வட்டங்களெங்கும் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டனர். கூட்டத்தினர் வன்முறையில் இறங்கினர் என்பது அரசுத் தரப்பு. படைக்கலம் ஏந்தாத மக்கள் சுடப்பட்டனர் என்பது போராட்டத் தரப்பு. தென்எல்லைப் போராட்டத்தில் உயிர் ஈந்தோர் பதினொருவர் எனக் குமரி மக்கள் நினைவிற்கொள்கின்றனர்.

இங்கு ஓர் ஒப்புமை இன்றியமையாதது. 1938 பிப்ரவரியில் தோன்றிய திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் முதல் தலைவர் பட்டம் தாணுபிள்ளையே. திவான் சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துப் பொறுப்பாட்சி கோரி அவ்வமைப்பு நடத்திய கிளர்ச்சியின்போது, 1938 ஆகஸ்ட் 31ஆம் நாள் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிர்நீத்தனர். நெய்யாற்றின்கரையும் மார்த்தாண்டமும் ஒரே நெடுஞ்சாலையில், ஒரு நாள் நடைக்குள் அடங்கும் தொலைவில் உள்ளவை. பதினாறு ஆண்டு இடைவெளியில் ஒரே தலைவர், முதல் துப்பாக்கிச்சூட்டின்போது சுடப்பட்டோர் பக்கத்திலும் இரண்டாவதன்போது சுடும் ஆணைக்குப் பொறுப்பேற்கும் பக்கத்திலும் நின்றார். தனிமனிதர் ஒருவரின் குணக்கேடாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. ஆட்சிக்கு வரும் இயக்கங்கள் தாம் எதிர்த்த காவல் எந்திரத்தை மாற்றாமலே ஏற்றுக்கொள்கின்றன என்னும் பொதுச்சிக்கலின் வெளிப்பாடே இது.

லோகியா எழுப்பிய கேள்வி

உப்புவரி பற்றிய ஆய்வுக்காகப் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றவரும், சாதி, மொழி, பெண்ணுரிமை ஆகியவற்றைச் சோசலிசச் சிந்தனையின் மையத்துக்குக் கொணர்ந்தவருமான லோகியா அப்போது பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். உத்தரப் பிரதேசத்தில் பாசனவரி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் கைதாகி நைனிச் சிறையில் இருந்தார். துப்பாக்கிச்சூட்டுச் செய்தி அறிந்ததும் தாணுபிள்ளை அமைச்சரவை பதவி விலக வேண்டுமெனவும் நீதி விசாரணை நடத்த வேண்டுமெனவும் சிறையிலிருந்தே தந்திவழி வலியுறுத்தினார்.

அவரது வாதத்தின் சாரம் இதுவாகும்: படைக்கலம் ஏந்திய கிளர்ச்சி அல்லாதவிடத்துத் தன் மக்களைச் சுடும் ஆட்சிக்குச் சோசலிச ஆட்சி எனப் பெயர் பூணும் தகுதி இல்லை, காங்கிரஸ் அரசு சுட்டால் கண்டிப்பதும் தம் அரசு சுட்டால் காரணம் கூறுவதும் இயக்கத்தின் சொல்லை மதிப்பிழக்கச் செய்யும், ஆகவே விசாரணையின் முடிவுக்குக் காத்திராமல் பதவி விலகுவதே நெறி. மறுதரப்பினரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒழுங்கைக் காத்தல் எவ்வரசுக்கும் கடமை. முதன்முதல் கிடைத்த ஆட்சியை ஒரு நிகழ்வுக்காகத் துறப்பின், சோசலிஸ்டுகள் ஆளத் தகுதியற்றோர் என்னும் பழி நேரும் என அவர்கள் கருதினர்.

கட்சித் தலைமை லோகியாவின் கருத்தை ஏற்கவில்லை. அவர் பொதுச்செயலாளர் பொறுப்பைத் துறந்தார். 1954 நவம்பரில் நாகபுரியில் கூடிய கட்சியின் சிறப்பு மாநாட்டிலும் அவர் தரப்பு சிறுபான்மையாயிற்று. 1955 பிப்ரவரியில் தாணுபிள்ளை அமைச்சரவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் வீழ்ந்தது. அறத்தின் பெயரால் துறக்க மறுத்த ஆட்சி, சட்டமன்ற எண்ணிக்கையின் பெயரால் ஆறு திங்களுக்குள் நீங்கிற்று. 1955 இறுதியில் லோகியா தனியே சோசலிஸ்ட் கட்சியை அமைத்தார். அக்கட்சியே பின்னர்ப் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பெண்கள் ஆகியோர்க்கு அறுபது விழுக்காடு இடம் என்னும் முழக்கத்தை வட இந்திய அரசியலில் நிலைநாட்டிற்று. வட இந்தியாவின் பிற்படுத்தப்பட்டோர் அரசியலுக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று விளவங்கோடு வட்டத்தின் தெருக்களில் தொடங்கிற்று எனக் கூறின் அது மிகையாகாது.

இரு பதிவுகளின் விடுபாடு

இத்தகைய ஒருவரைத் தமிழ்ப் புலமையுலகம் எல்லைப் போராட்ட வரலாற்றில் ஏன் நினைவிற்கொள்ளவில்லை? ஆங்கிலத்தை அகற்றுக என அவர் நடத்திய இயக்கமே காரணமாகலாம். 1960களின் இந்தி எதிர்ப்புச் சூழலில் தமிழர்க்கு லோகியா இந்தி ஆதரவாளராக மட்டுமே அறிமுகமானார். மொழிக்கொள்கையில் அவரோடு மாறுபடத் தமிழர்க்குத் தக்க காரணங்கள் உண்டு. ஆயினும் தெற்கெல்லையில் தமிழர் சுடப்பட்டபோது அதற்காகத் தம் கட்சிப் பொறுப்பைத் துறந்த அனைத்திந்தியத் தலைவர் அவர் என்னும் உண்மை, பின்வந்த பகையால் மறைக்கத்தக்கதன்று.

மறுபுறம், சோசலிச வரலாற்றாசிரியர்கள் அத்துப்பாக்கிச்சூட்டில் மாண்டவர் யாவர், எதற்காகத் தெருவில் இறங்கினர் என்று வினவவில்லை. லோகியாவும் அன்று முன்வைத்த வாதம் துப்பாக்கியைப் பற்றியதே. சுடப்பட்டோரின் சாதியைப் பற்றியதன்று. சாதி ஒழிப்பின்றிச் சோசலிசம் இல்லை எனப் பின்னர் விரித்துரைத்தவரும், 1955 திசம்பர் முதல் அம்பேத்கருடன் கடிதத் தொடர்பு கொண்டவருமான அவர், தம் அரசியல் வாழ்வின் திருப்புமுனையாக அமைந்த நிகழ்வையே சாதிநோக்கில் ஆராயும் வாய்ப்பைப் பயன்கொள்ளாமல் போனது வியப்புக்குரியது.

பொதுவுடைமைக் கட்சிக்கும் இவ்வெல்லை எளிதாக இருக்கவில்லை. அக்கட்சி மொழிவழி மாநிலக் கோட்பாட்டை ஏற்றது. கேரளத் தோழர்கள் ஐக்கிய கேரளத்துக்காக நின்றனர். தோவாளை வட்டத்துப் பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம் போன்றோர் தமிழர் கோரிக்கையின் நியாயத்தைப் பேசினர். ஒரே கோட்பாடு எல்லையின் இருபுறத்தும் இருவேறு கோரிக்கைகளாக மாறியது. 1957இல் ஆட்சியேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அரசு, தொழிலாளர் போராட்டங்களை ஒடுக்கக் காவல்துறை பயன்படுத்தப்படாது என அறிவித்தது. ஆயினும் 1958 ஜூலையில் கொல்லத்தை அடுத்த சந்தனத்தோப்பிலும், அக்டோபரில் மூணாறு மலைத்தோட்டங்களிலும் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. மூணாற்றில் மாண்ட இருவருள் ஒருவர் பெண். நாகபுரியில் வாக்கெண்ணிக்கையால் தள்ளப்பட்ட கேள்வி நான்கே ஆண்டுகளில் மற்றோர் இடதுசாரிக் கட்சியின் வாயிலில் வந்து நின்றது.

எல்லைக்குப் பின்

1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கே உரியனவாக்கியது. அங்குள்ள தமிழ்த் தொழிலாளருள் பலர் நிலையாகக் குடியிருப்போர் அல்லர் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தும் குடியிருக்கும் அறை தோட்ட முதலாளிக்கே உரியதாக இருந்தமையால், தொழிலாளி தான் உழைத்த மண்ணில் வந்துபோவோராகக் கணிக்கப்பட்டார். உடைமையின்மை அவரது குரலையும் எண்ணிக்கையில் சேராமற் செய்தது.

எல்லைக்கோடு சமூகநீதிச் சட்டங்களையும் இரண்டாக்கியது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தால் ஊராட்சிப் பகுதிக் குடிகிடப்புக்காரர் பத்து சென்டு வரை நிலம் பெறும் உரிமையை எய்தினர். குமரிப் பக்கத்தில் 1964ஆம் ஆண்டின் மாற்றப்பட்ட நிலப்பகுதி இரயத்துவாரித் தீர்வைச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டமும் வேறு வழியில் இயங்கின. பனச்சமூட்டுச் சாலையின் இருமருங்கும் ஒரே உறவின்முறையைச் சார்ந்த இரு குடும்பங்கள் குடியிருக்கும் நிலத்துக்கான உரிமையை இருவேறு சட்டங்களின்கீழ் கோரும் நிலை உருவானது. தமிழ்நாட்டின் பட்டியல் சாதி நிரலில் வண்ணார் உள்ளிட்ட சில சாதிகள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் இடம்பெறுவதும் நோக்கத்தக்கது. பழைய திருவிதாங்கூரின் தீண்டாமை எல்லை, மாநிலம் மாறிய பின்னும் அரசு ஆவணத்தில் தன் தடத்தை விட்டுச்சென்றுள்ளது. மாநிலப் பெயர் மாறினும் ஒடுக்குமுறையின் நினைவு மாறவில்லை என்பதற்கு இந்நிரலே சான்று.

முடிவுரை

தென்எல்லைப் போராட்டம் மொழிப்போராட்டமாக விளங்கியதோடு, தோள்சீலை தொடங்கி அய்யன்காளி வழியாக வளர்ந்த மானமீட்பு மரபின் தொடர்ச்சியாகவும் விளங்கிற்று. அதன்மீது பாய்ந்த துப்பாக்கிக்குண்டு, மக்களின் பெயரால் ஆள்வோர் மக்களைச் சுடலாமா என்னும் கேள்வியை இந்திய இடதுசாரி அரசியலுக்குள் எழுப்பிற்று. அக்கேள்வியை எழுப்பியவரைத் தமிழர் மறந்தனர்; அக்கேள்விக்கு உயிரை விலையாகத் தந்தவரைச் சோசலிஸ்டுகள் மறந்தனர்.

இவ்வாய்வு மேலும் வளரத் தமிழ், மலையாளம், இந்தி ஆகிய மும்மொழிச் சான்றுகளும் ஒருங்கே பயிலப்படல் வேண்டும். நாகபுரி மாநாட்டு விவாதங்களை அறிந்தோர் புதுக்கடை நினைவிடத்தையும், புதுக்கடை நினைவை அறிந்தோர் நாகபுரி விவாதங்களையும் அறிதல் வேண்டும். நெய்யாற்றின்கரை வட்டத்திலும் விளவங்கோடு வட்டத்திலும் அந்நாளைக் கண்டோர் அருகிவரும் இன்றைய நிலையில், அவர்தம் பிள்ளைகளிடம் எஞ்சியுள்ள வாய்மொழிச் செய்திகளையேனும் எல்லையின் இருபுறத்தும் சென்று தொகுத்தல் உடனடிக் கடமையாகும். அப்பணியைத் தொடங்குவதற்குச் சாலையின் ஒருபுறம் ஒரு மாநிலமும் மறுபுறம் வேறொரு மாநிலமுமாக நிற்கும் பனச்சமூடு தக்க இடமாகும்.